இருபத்தேழாவது வரி

பிப்ரவரி 4, செவ்வாய்

"கசா! கசா!" என்று வண்டிக்காரர் கன்னடத்தில் குப்பை கேட்டுக் கத்தியதும் அம்மா இரண்டு பக்கெட்டுகளோடு கீழே ஓடினாள். ஒரு நாட்டுக்கே குப்பைத் திட்டம் எழுதுகிறவள், காக்ஸ் டவுனில் குப்பை வண்டியைத் துரத்துகிறாள்! லேப்டாப் திறந்தே கிடந்தது. பசிபிக்கில் ஏதோ தீவு நாடு. எந்தத் தீவுக்கு என்றைக்குக் குப்பைப் படகு போகும் என்று ஒரு அட்டவணை. 27-வது வரியில் 'தவாலோ, 84 பேர்' என்றிருந்ததை அழித்து 'நிக்கோல் தீவு, 1 ஆள்' என்று போட்டேன். என் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது, தீவு இருக்கிறது! பார்த்ததும் கத்துவாள். காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5

கத்தவில்லை.

பிப்ரவரி 6

"அப்பாடா, அனுப்பியாச்சு. நாளைக்கு அவங்க மந்திரிசபை ஒத்துக்கிட்டா முடிஞ்சது" என்றாள் அம்மா. சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஒரு தீவுல ஆள் ரொம்பக் கம்மின்னா?"

"ஏன்டி, உனக்கென்ன திடீர் அக்கறை? இருபது பேருக்குக் கீழன்னா படகு கிடையாது. பிளாஸ்டிக், டயப்பர் எல்லாத்தையும் கரையில போட்டு எரிக்கணும். அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது."

எண்பத்து நாலு பேர். சொன்னால் அம்மா வேலை போகுமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது — அதுதான் பயமா இருக்கு. லூசு, லூசு, லூசு நான்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆறு மணிக்கே அம்மாவை எழுப்பிச் சொன்னேன். இதுவும் விளையாட்டு என்று சிரித்தாள். கோப்பைத் திறந்தாள். சிரிப்பு நின்றது.

"மூணு பேர் சரிபார்த்தோமேடி... அங்க இப்போ மத்தியானம். ரெண்டு மணிக்குக் கூட்டம்."

அவள் வேலை பார்க்கும் தொம்மலூர் ஆபீஸின் மேலதிகாரி வெங்கடசுப்ரமணியனுக்கு போன் போட்டாள். "சார், 27-வது வரி தப்பு. ... இல்ல சார், வேற யாரும் இல்ல. என் தப்புதான்."

நான் எதிரில்தான் நின்றிருந்தேன். என் பெயரைச் சொல்லவே இல்லை. திட்டியிருக்கலாமே?

திருத்தம் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததா? சாயங்காலம்வரை பதில் இல்லை.

பிப்ரவரி 10

இன்னும் பதில் இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அம்மா லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் போகிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

அச்சான அறிக்கை சாப்பாட்டு மேசையில் இருந்தது. 27-வது வரி: தவாலோ, 84 பேர், செவ்வாய்தோறும் படகு. கடைசிப் பக்கத்தில், தயாரித்தவர்கள் பட்டியலில் பெர்னதெத் என்ற அம்மாவின் பெயர் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

கீழே "கசா! கசா!"

அம்மா எழுவதற்குள் பக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.