கோதுமை பியருக்கு எந்த யீஸ்ட், மாமா?

பிடிவாதக்கார மாமாவுக்கு,

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் உங்கள் சுதா எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு ஒரு முழுக் குளிர்காலம் வந்து போய்விட்டது. இல்-பிசார் தீவில் பனி உருகி வாசலெல்லாம் சாம்பல் நிறச் சேறு. பஸ் முன்பு போலத்தான், வந்தால் வரும். உங்கள் மகன் ஆபீஸிலிருந்து முன்பைவிட அதிகமாகப் போன் செய்கிறார். "என்ன பண்றே?" என்பார். "வீட்ல இருக்கேன்" என்பேன். வேறு எங்கே இருக்கப் போகிறேன்?

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள் நான். நுண்ணுயிரியல் படித்தவள். கல்யாணமாகி மாண்ட்ரியலுக்கு வந்தபோது, "பிரெஞ்சு கத்துக்கோ, அப்புறம் வேலை தேடலாம்" என்றார் உங்கள் மகன். அமைதியான இடம் என்று இந்தத் தீவில் வீடு வாங்கினார். கார் ஓட்டத் தெரியாதவளுக்கு அமைதி என்றால் என்ன என்பது முதல் டிசம்பரிலேயே புரிந்துவிட்டது.

பிரெஞ்சு வகுப்பு ஒன்றுதான் எனக்கு வெளியே போகும் வழி. அந்தச் சமயத்தில் அத்தை ஊரில் தவறிப்போனார். உங்கள் மகன் உங்களை இங்கே அழைத்து வந்தார். "அப்பாவுக்கு சுகர் இருக்கு, சுதா. அவரைத் தனியா விட முடியாது" என்றார். வகுப்பு நின்றது. அந்த மாதங்களில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும் மாமா. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

பக்கத்து வீட்டு மிஸ்யூ ழெரார் முதியோர் இல்லத்துக்குக் குடிபோகும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாரே, அன்றுதான் நாம் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தோம். நன்றி சொல்ல உங்களுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையை, "மெர்சி, மெர்சி" என்று சொல்லி வாங்கிவிட்டீர்கள். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, குழாய், காலி பாட்டில்கள், டப்பாவில் பார்லி மால்ட் பாகு, சின்னச் சின்ன பாக்கெட்டுகள்.

"இது என்னம்மா, வயித்துப்போக்குக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புப் பொடி மாதிரி இருக்கு?"

"யீஸ்ட் மாமா. பியர் காய்ச்சறதுக்கு."

வீட்டில் நம்மைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பண்ணிப் பார்ப்போமா?" என்றீர்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பொடியைத் தூவி, அது நுரைத்து எழும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உயிரில்லாத மாதிரி இருந்தது எப்படி எழுந்தது என்று கேட்டீர்கள். சொன்னேன். என் படிப்பை வைத்து ஒருவருக்கு எதையாவது விளக்கி எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

உங்கள் மகன் குடிக்கமாட்டார். திட்டுவார் என்று பயந்தோம். ஆனால் கீழ்த்தளத்து வாளியைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்லயே ஒரு பொழுதுபோக்கு ஆச்சு" என்றார். இனி நாம் வெளியே போகக் கேட்கமாட்டோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரமே பொடி யீஸ்ட் பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்து பிரிட்ஜில் அடுக்கினார். ஒரு வருஷத்துக்குக் கெடாதாம்.

அதிலிருந்துதான் நம் சண்டை. கோதுமை பியரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரவேண்டும், அது யீஸ்டிலிருந்தே வருவது, அந்த வகை மாண்ட்ரியல் நகருக்குள் வில்லரேயில் இருக்கும் கடையில் திரவமாகத்தான் கிடைக்கும் என்றேன்.

"பொடி போதும்" என்றீர்கள். "அது பாட்டுக்குத் தூங்குது. வேணுங்கிறப்ப எழுப்பிக்கலாம். உன்னோட லிக்விட், கைக்குழந்தை மாதிரி. குளிர்ல விறைக்கும், சூட்டுல செத்துப்போகும், நாளானா சோர்ந்துபோகும். எதுக்கு வம்பு?"

"பொடில நமக்குக் கிடைக்கிறது ஒண்ணு ரெண்டு வகைதான் மாமா. எதைக் காய்ச்சினாலும் ஒரே ருசி."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"எனக்கு அலுத்துப்போச்சு" என்றேன். நான் பியரைப் பற்றிப் பேசவில்லை என்பது உங்களுக்குப் புரிந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தீர்கள்.

உங்கள் மகனிடம் கேட்டுப் பார்த்தோம். "ஒரு பாக்கெட்டுக்காக வில்லரே வரைக்குமா? அதான் பிரிட்ஜ் நிறைய இருக்கே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறுநாள் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "நீயே போய் வாங்கிட்டு வாயேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

"என்னையா?" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "என்கிட்ட வேற மாதிரி சொன்னான். சுதா புது ஊர்ல பயப்படறா, அவளைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்கப்பான்னு. அதனாலதான் நான் லைப்ரரிப் பக்கம்கூடப் போறதில்லை."

உங்களுக்குக் காவல் நான். எனக்குக் காவல் நீங்கள். சாவியோடு அவர் ஆபீஸுக்குப் போய்விடுகிறார்.

அன்றைக்குத்தான் அத்தை போன விதத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பாங்குக்குப் போயிருந்தபோது குளியலறையில் விழுந்ததையும், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்ததையும். போனில் உங்கள் மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "வீட்ல யாருமே இல்லையா?"

"பாவம், பயந்துட்டான்" என்றீர்கள். "ஆனா அதுக்காக நாம சாகிறவரைக்கும் இப்படியே உட்கார்ந்திருக்க முடியுமா? நான் தனியா இருக்கேன். நீ தனியா போயிட்டு வா."

உங்களுக்குச் சாப்பாட்டையும் மாத்திரையையும் மேஜையில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். கடைக்காரர் என் துருப்பிடித்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டு, தட்டையான பை ஒன்றைத் தந்தார். உள்ளே இருக்கும் சின்னப் பையை உள்ளங்கையால் அடித்து உடைத்தால் யீஸ்ட் விழித்து, வெளிப்பை ஊதுமாம். வெளியே எலும்பைக் குடையும் குளிர். யீஸ்ட் உறைந்துவிடக் கூடாதே என்று ஸ்வெட்டருக்குள் வைத்து மேலே கோட்டை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் நின்றிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, தமிழோ? ஏன் வெளியில நிண்டு விறைக்கிறீர்? உள்ளுக்கு வாரும்." அவர்தான் கமலா அக்கா. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "பியருக்கு ஈஸ்ட் வாங்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? என்ன படிச்சனீர்?" சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டார். "நான் லவால்ல ஒரு தயிர்க் கொம்பனியில வேலை செய்யிறன். அங்க லாப் இருக்கு. என்ர நம்பரைத் தாறன், பேந்து போன் எடும்."

நான் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் உங்கள் மகனின் கார் நின்றிருந்தது. அவர் போன் செய்தபோது நான் குளிப்பதாகச் சொன்னீர்களாம். மறுபடி செய்தபோதும் குளித்துக்கொண்டிருந்தேனாம். அதற்குமேல் நம்பாமல் கிளம்பி வந்துவிட்டார். பனி ஒட்டிய ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினார்.

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகலையே" என்றீர்கள். "உங்கம்மா விழுந்தப்ப வீட்ல இல்லாதவன் நான்டா. அதை நான் சுமந்துக்கறேன். இந்தப் பொண்ணை எதுக்கு அடைச்சு வைக்கிறே?"

அவர் மாடிக்குப் போய்விட்டார். ஷூவிலிருந்து உருகிய தண்ணீரை நீங்களே குனிந்து துடைத்தீர்கள்.

அந்த பியர் பொங்கத் தொடங்கியபோது கீழ்த்தளம் முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை. கடைசியில் ருசி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவசரத்துக்குப் பொடிதான்" என்றீர்கள். ஒப்புக்கொள்ளவே இல்லை!

அதனால் எல்லாம் மாறிவிடவும் இல்லை. கொஞ்ச நாள் அவர் அமைதியாக இருந்தார். அப்புறம் உங்களுக்குத் தலைசுற்றல் வந்தது. மறுபடி போன்கள், மறுபடி ஜன்னலோரம் நாம். கமலா அக்காவின் நம்பர் பிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே இருந்தது.

நீங்கள் கண் மூடியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் அடுப்படியில், அவர் உங்கள் பக்கத்து நாற்காலியில். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. "எல்லாரும் வீட்லதானே இருந்தோம்?" என்று என்னிடம் கேட்டார். வந்தவர்களிடம் பிரெஞ்சிலும் அதையே கேட்டார். உங்களிடம் பதில் இருக்கிறதா மாமா?

இப்போது அவர் காவல் காக்க நான் ஒருத்திதான் மிச்சம். நான் குளிக்கிறேன் என்று பொய் சொல்லக்கூட இங்கே ஆளில்லை.

சென்ற வாரம் கமலா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் சொல்லிவைத்த தயிர்க் கம்பெனி லேபில் என்னைப் பிரெஞ்சில்தான் கேள்வி கேட்டார்கள். தடுமாறித்தான் சொன்னேன். ஆனால் யீஸ்டும் பாக்டீரியாவும் எனக்குப் புதிதா? திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆற்றில் பனி உருகி லவாலுக்குப் படகு ஓடத் தொடங்கிவிட்டது. அக்கரையில் கமலா அக்கா காரோடு நிற்பார். இனி சனி, ஞாயிறில்தான் காய்ச்ச நேரம் கிடைக்கும். கடைக்கு ஓட முடியாத வாரங்களில் உங்கள் பொடிதான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் உங்கள் மகனிடம் சொன்னேன்.

"குளிர்காலத்துல படகு நின்னுட்டா?"

"பஸ்ல சுத்திப் போவேன்."

"நான் போன் பண்ணினா?"

"லேப்ல எடுக்க முடியாது."

"காலைல எத்தனை மணிக்குப் படகு?" என்றார். அது சம்மதமா, தடுக்கப் போகிறாரா, எனக்குத் தெரியவில்லை. பாவமாக இருக்கிறது மாமா. எனக்கும் பயம்தான். இத்தனை காலம் உட்கார்ந்தே இருந்துவிட்ட கால்கள் இவை.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அவர் வாசலில் நின்றாலும் திங்கட்கிழமை நான் போவேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும், அவர் கேட்பதற்கு முன்னால் "வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்வேன். மறுநாளும் போவேன், மறுநாளும் வந்து சொல்வேன். போகிறவர்கள் திரும்பியும் வருவார்கள் என்று உங்கள் பிள்ளை நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உங்களுக்குக் காவல் இருந்த,
நீங்கள் காவல் இருந்த
மருமகள் சுதா