மண்சட்டியில் ரியோஹா

கடலூர் முதுநகர்
22 ஜனவரி 2024

என் செல்விக்கு,

நாளைக் காலை சென்னைக்குக் கிளம்புகிறேன். அங்கிருந்து மாட்ரிட், பிறகு ரயிலில் லோக்ரோன்யோ. பெட்டி கட்டியாகிவிட்டது. அண்ணி கொடுத்த கருவாட்டை ஏழு கவர் போட்டுச் சுற்றியிருக்கிறேன், ஆனாலும் மணக்கிறது.

போன வாரம் சிதம்பரத்தில் உன் அடுப்படியில் நின்றபோது கல்லூரி மனையியல் வகுப்பு ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கு ஒரே அடுப்பு. நீ சமைப்பாய், நான் நோட்டில் எழுதுவேன், மார்க் இருவருக்கும் சமமாக வரும். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். ஸ்பானிய ஒயினையும் நம் பக்கத்துச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு புத்தகம். அங்கே ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு ஒயின் ருசி சொல்லிக்கொடுத்துப் பதினாறு வருஷம் ஆயிற்று. எந்த ஒயினுக்கு என்ன பொருந்தும் என்று எனக்குத் தெரியும். கடலூர் மீனை உன்னைப்போலச் சமைக்கத்தான் எனக்கு வராது.

கஸ்டம்ஸில் இரண்டு லிட்டர்தான் விடுவார்கள் என்பதால் உனக்கு மூன்றே பாட்டில். வெளிறியது மன்சானியா. கடலோர ஊரில் முதிர வைப்பதால் லேசாக உப்புக் கரிக்கும். நன்றாகக் குளிரவைத்துக் குடி, திறந்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடு. சிவப்பு என் ஊர் ரியோஹா, அது கறிக்கு. சின்னப் பாட்டிலில் கறுப்பாகப் பாகு மாதிரி இருப்பது இனிப்பு, அதைக் கடைசியில் திற.

பாட்டிலைப் பார்த்ததும் நீ எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தியதைக் கவனித்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். கட்டாயமில்லை செல்வி. ஆனால் செய்தால் போனில் சொல்லாதே, எழுது. நாக்கில் என்ன பட்டதோ, மனசில் என்ன பட்டதோ, அப்படியே. நான் மட்டும்தான் படிப்பேன்.

உன்
லேகா


சிதம்பரம்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள லேகாவுக்கு,

நலம். நீயும் குளிரில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுதச் சொன்னதும் நல்லதுதான். என் போனுக்கு ரீசார்ஜ் செய்வதிலிருந்து எல்லாம் மகள் சுவேதாதான். அவள் கண்ணில் படாமல் அதில் ஒன்றும் இருக்காது. கடலூரில் கலெக்டர் ஆபீசில் வேலை, ஹாஸ்டலில் தங்கல், சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறாள். எனவே நம் சமையலெல்லாம் வார நாளில், நான் பள்ளிக்கூட வேலை முடித்து வந்த பிறகு. பாட்டில்களில் 'வினிகர்' என்று சீட்டு ஒட்டி, காய்கறித் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா சொல்லு.

முதலில் நெத்திலி. வழக்கம்போல் புளித்தண்ணீரில் பிசறி வறுத்தேன். உன் மன்சானியாவை டம்ளரில் ஒரு வாய் வைத்தால் தகரத்தை நக்கியது போல் இருந்தது. மிளகாய்க் காரம் வேறு தொண்டையில் தீயாய்ப் பிடித்தது. மறுநாள் புளியை நிறுத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, அரிசி மாவு தூவி வறுத்தேன். இப்போது அந்த உப்பும் இந்த உப்பும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. நானே இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டேன்.

நீ சொன்ன பூண்டு இறாலை நல்லெண்ணெயில் செய்யாதே. அதன் வாசனை ஒயினோடு சண்டைக்குப் போகிறது. கடலை எண்ணெய்தான் சரி. பூண்டு பொன்னிறமாகும்போது இறாலைப் போட்டு, சுருண்டதும் அரை டம்ளர் மன்சானியா ஊற்றி, ஆவி அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். நம் ஊர் கத்தரிக்காய் கொத்சுக்கு எந்த ஒயினும் வேண்டாம். அதற்குச் சம்பா சோறு போதும்.

சிவப்பை இன்னும் திறக்கவில்லை.

அன்புடன்
செல்வி


லோக்ரோன்யோ
9 மார்ச் 2024

என் செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தகரத்தை நக்கியது போல் என்பதை இங்கே வகுப்பில் சொன்னேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். புளி பற்றி நீ சொன்னது மிகச் சரி.

சிவப்பைத் திற. கறியை வதக்கி, ஒயினை ஊற்றி, பாதியாகச் சுண்டும் வரை மூடாதே. பச்சை வாடை போகாமல் தண்ணீர் விட்டால் கசக்கும். அலுமினியச் சட்டி கூடாது, புளிப்பு அதைத் தின்றுவிடும். உன் மண்சட்டியை எடு.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்கு நான் விமானத்தில் தந்த குட்டிப் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தபோது டம்ளரைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னாயே, ஏன்? உன் வீட்டுக்காரர் சிங்காரம் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொன்னால் பாரம் குறையும் என்று நினைக்கிறேன்.

உன்
லேகா


சிதம்பரம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள லேகா,

இன்று வருஷப்பிறப்பு. சுவேதாவுக்கு ஆபீசில் தேர்தல் வேலை, வரவில்லை. தனியாக இருக்கிறேன். புதன்கிழமை சிவப்பைத் திறந்தேன்.

அரைக்கிலோ ஆட்டுக்கறி, நெஞ்செலும்போடு. சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, மிளகு. மிளகாய் பெயருக்கு இரண்டு. மண்சட்டியில் கறி சிவக்க வதங்கியதும் ஒயினை ஊற்றினேன். சர்ரென்று ஆவி முகத்தில் அடித்தது. லேகா, நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டேன். அவர் சட்டை வாடை அது.

நீ கேட்டாய், சொல்கிறேன். அவர் மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிறவர். குடிக்காதபோது ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டார். குடிக்காத நாள் வரவர இல்லாமல் போயிற்று. இருபது வருஷம். டம்ளரைக் கையில் கொடுத்து 'ஊத்துடி' என்பார். ஊற்றாவிட்டால் சுவேதாவை எழுப்புவேன் என்பார். நான் ஊற்றுவேன். என் கையால் எத்தனை டம்ளர் ஊற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் அன்றைக்கு நீ நீட்டியபோது கை வரவில்லை.

2016 தீபாவளிக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் போனார். எல்லாம் முடித்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, பாயைப் போட்டுப் படுத்தேன். எப்போது விடிந்தது என்று தெரியாது. கல்யாணமாகி முதல்தடவையாக அப்படித் தூங்கினேன். காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தது. பக்கத்தில் சுவேதா அழுது வீங்கிய முகத்தோடு படுத்திருந்தாள். பதினெட்டு வயது. அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கொல்லையிலிருந்து திரும்பி வந்தால் வாடை போய்விட்டது. பத்து நிமிஷத்தில் போய்விட்டது, லேகா. சட்டியில் வெங்காயமும் சோம்பும் பழமும் கலந்த ஏதோ ஒரு மணம். தண்ணீர் விட்டு, எலும்பு கழலும்வரை வேகவைத்து, இட்லியோடு தின்றேன். மிச்ச ஒயினைக் கிண்ணத்தில் ஊற்றி, நானாகவே கையில் எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது. அழுதேன் என்று நினைக்காதே. அழவில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

செல்வி


லோக்ரோன்யோ
2 ஜூன் 2024

என் கண்ணே செல்வி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்பு எடுக்க முடியவில்லை. கிழிக்க மனசு வரவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புத்தகத்துக்குப் பதிப்பகம் கிடைத்துவிட்டது. ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் வரும். பதிப்பாசிரியர் அம்மாளிடம் உன் ரியோஹா கறியைப் பற்றிப் பேசும்போது அதன் கதையையும் கொஞ்சம் சொன்னேன். இதைத்தான் புத்தகத்தின் கடைசி அத்தியாயமாக வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். உன் பெயர் இருக்காது. சம்மதிப்பாயா? எத்தனையோ பெண்களுக்கு அது துணையாக இருக்கும்.

உன்
லேகா


சிதம்பரம்
20 ஜூன் 2024

அன்புள்ள லேகா,

யாரிடமும் சொல்லமாட்டாய் என்று நம்பி எழுதியது. கொஞ்சம் சொன்னேன் என்கிறாய். பரவாயில்லை, ஏழு கடல் தாண்டிய ஒருத்தி என்று விட்டுவிடுகிறேன்.

நெத்திலி, இறால், கறி, போன வாரம் செய்த நண்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள். என் பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அவர் விஷயம் மட்டும் வேண்டாம். தூங்கிய விஷயம் வேண்டவே வேண்டாம். சுவேதாவிடம் ஒருநாள் நானே சொல்ல வேண்டியது அது. என்றைக்கு, எப்படி என்று இன்னும் தெரியவில்லை. அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். அதுவரை அது எனக்குள்ளேயே இருக்கட்டும்.

தோழியாகக் கேட்கிறேன்.

செல்வி


லோக்ரோன்யோ
11 ஜூலை 2024

செல்வி,

சரி. உன் வார்த்தையை மீறமாட்டேன். நிம்மதியாக இரு. நண்டுக்கு அல்பரீன்யோ என்ற வெள்ளை ஒயின் பிரமாதமாகப் பொருந்துகிறது. அடுத்த தடவை கொண்டுவருகிறேன்.

லேகா


கடலூர் முதுநகர்
20 ஜனவரி 2025

என் செல்விக்கு,

ஊருக்கு வந்து மூன்று நாளாயிற்று. ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. கோபமா?

புத்தகம் நவம்பரில் வந்துவிட்டது. நன்றாகப் போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உன் பிரதியை நானே கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. கடைசி அத்தியாயம் உள்ளே இருக்கிறது. அது இல்லாவிட்டால் இது வெறும் சமையல் குறிப்பு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் இழுத்தேன், பிறகு ஒப்புக்கொண்டேன். உன் பெயரை மாற்றிவிட்டேன். கடிதத்தின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள், அழகுக்காக. தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அதை வாங்கப்போகிறார்கள்?

அங்கே ஒரு அம்மாள் அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை நீ பார்த்திருந்தால் என்னைத் திட்டமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒன்றும் மெனக்கெடாதே.

என்றும் உன்
லேகா


சிதம்பரம்
22 ஜனவரி 2025

சந்திரலேகாவுக்கு,

தமிழ் தெரிந்த ஒருத்தி அதை வாங்கினாள். என் மகள்.

நீ போனில் போட்ட புத்தகப் படத்தைப் பார்த்து, லேகா அத்தை புத்தகத்தில் அம்மா சமையல் வந்திருக்கிறது என்று பெருமையாக வரவழைத்திருக்கிறாள். என் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று. டிசம்பர் 14, சனிக்கிழமை, கடலூரிலிருந்து வருகிற பஸ்ஸில் பிரித்துப் படித்திருக்கிறாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது கடைசி அத்தியாயம் வந்ததாம். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே படித்தாளாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தைக் கிரைண்டர் மேல் வைத்தாள்.

"இது ஒன் கையெழுத்துதானம்மா?"

"ஆமா."

"அப்பா செத்த அன்னிக்கு நல்லாத் தூங்குனேன்னு எழுதியிருக்க. நெசமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெசம்தான்" என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். மூன்று சனிக்கிழமை வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் உனக்கு ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்தையும் கிழித்தேன். எனக்குக் கிழிக்க வரும்.

ஜனவரி ஆறாம் தேதி லீவு போட்டுவிட்டு கடலூர் மஞ்சக்குப்பம் போனேன். அவள் ஆபீஸ் எதிரில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ தூங்குனதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா" என்றாள். "அதை அத்தைக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட சொல்லத் தெரியலியா?"

"நீ அப்பா மேல உசுரா இருந்தியேம்மா. எப்படிச் சொல்லுவேன்?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "நானும் அன்னிக்கு நல்லாத்தான் தூங்குனேன். நடுவுல முழிச்சிப் பாத்தா நீ அசையாமக் கெடக்குற, அழுது அசந்துட்டன்னு நெனச்சேன். எட்டு வருஷமா நான் மட்டுந்தான் பாவின்னு இருந்துட்டேன்."

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். கடைசியில் நல்லதுதானே நடந்தது, என் புத்தகத்தால்தானே என்று நினைப்பாய். தயவுசெய்து நினைக்காதே. அடுத்த வகுப்பில் அதையும் சொல்லாதே.

அவளிடம் நான் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நான் பயந்தேன், தள்ளிப்போட்டேன், அது என் தப்பு. ஆனால் அந்த நேரம் எனக்கும் என் மகளுக்கும் உரியது. அதை நீ எடுத்து, அழகுக்காகப் படம் போட்டு, தெரியாதவர்கள் கையில் கொடுத்தாய். என் பிள்ளை அவள் அம்மாவைப் பற்றி ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் தெரிந்துகொண்டாள். ஆசிரியர் சொன்னார் என்கிறாய். நானும் சொன்னேன். உனக்கு அவர் சொன்னது கேட்டது.

சிங்காரம் எனக்குச் செய்ததெல்லாம் குடித்துவிட்டுச் செய்தார். நீ தெளிவாக இருந்து செய்தாய்.

புத்தகத்தை நான் படிக்கவில்லை. சுவேதா நெத்திலிக் குறிப்பை மட்டும் படித்துக் காட்டினாள். அளவெல்லாம் சரியாக இருக்கிறது. நீ எப்போதும் நன்றாகத்தான் எழுதுவாய்.

ஞாயிற்றுக்கிழமை சுவேதா இங்கே இருப்பாள். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. நீ வர வேண்டாம்.

இப்படிக்கு
சி. தமிழ்ச்செல்வி