வாசற்படியில் வைத்த கூறைச் சேலை

என் தங்க அம்மாவுக்கு,

நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய். இங்கே எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. உன் கூறைச் சேலை கல்யாணக் கோலத்தில் மாதா கோவிலுக்கு வந்தது அம்மா. அதே வெள்ளைப் பட்டு, ஓரத்தில் வெள்ளிச் சரிகை, முந்தியில் அந்தத் திராட்சைக் கொடி. ஒரு நொடி நீதான் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறாய் என்று நினைத்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டியிருந்தவள் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டுப் பெண். தாய் தகப்பன் இல்லாதவள், ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைப்பவள். அவள் பெயரை எழுத மாட்டேன்; உனக்குத் தெரியாத பெயரா? அந்தச் சேலை என் கல்யாணத்துக்கு என்று நீதானே சொல்லியிருந்தாய்? பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ போனபிறகு அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் ஆத்துமப் பூசைக்காக மூவார் பட்டணத்திலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை சும்மா இருப்பாளா? அப்பாவின் கல்யாணத்துக்கு அந்தக் கூறையைப் பார்த்து எடுத்தவளே அவள்தான். கோவில் வாசலிலேயே பெண்ணின் முந்தியைப் பிடித்துவிட்டாள்.

"இது எங்க அண்ணன் எடுத்துக் குடுத்த கூறை. செத்தவ பெட்டியில கைய வச்சிருக்கியே, நீ விளங்குவியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. மரம் வெட்டிட்டு வந்தப்ப வாசப்படியில மூட்டையா இருந்துச்சு. யார் வச்சாங்கன்னு சத்தியமாத் தெரியாது."

யார் நம்புவார்கள்? பட்டுச் சேலை வாசற்படியில் முளைக்குமா என்று யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "திருட்டுச் சேலை கட்டுனவ நம்ம வீட்டுக்கு வேணாம். வாடா, போலாம்."

நானும் அவளைத் திருடி என்றே நினைத்தேன் அம்மா. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. அவள் அத்தையைப் பார்த்துக் கும்பிட்டுக் கையைத் தூக்கியபோதுதான் ரவிக்கையின் கைமடிப்பு என் கண்ணில் பட்டது. நீ இடக்கைக்காரி. உன் தையல் எல்லார் தையலுக்கும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காய்ச்சலோடு உட்கார்ந்து நீ தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணி அது. என்ன தைக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, பழந்துணி" என்றாய். அவளுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. திருடுகிறவளுக்கு யாராவது உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொடுப்பார்களா?

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் தலையை ஆட்டுவாய். கடைசியில் உன் இடக்கையே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. உனக்குக் கொஞ்சமாவது யோசனை இருந்ததா? இல்லாதவள் வாசலில் பட்டுச் சேலையை வைத்துவிட்டுச் சொல்லாமல் போனால், ஊர் அவளை என்ன பேசும் என்று நினைத்துப் பார்த்தாயா? கல்யாணத்தன்று நீயே வந்து நின்று சமாளித்துவிடலாம் என்றிருந்தாயோ? காய்ச்சல் முந்திக்கொண்டதோ?

'எங்கம்மா குடுத்தது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். ரப்பர் விலை விழுந்து, பாதி லயத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்ட இந்தக் காலத்திலும் அவள் யார் வாசலிலும் போய்க் கையேந்தியதில்லை. பிச்சைச் சேலை கட்டி வந்தவள் என்று மாமியார் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள். நீ ஒளித்துக் கொடுத்ததே அதற்காகத்தானே?

"நாந்தான் அத்த அவளுக்கு வித்தேன்," என்றேன். "காசு குடுத்துத்தான் வாங்குனா. வீட்டுக்குத் தெரியக் கூடாது, வாயத் தெறக்காதன்னு நாந்தான் சொல்லி வச்சேன்."

கோவில் வாசலில் நின்றுகொண்டு இவ்வளவு பெரிய பொய். அத்தை முந்தியை விட்டாள். அந்தக் கையாலேயே எனக்கு ஓங்கி ஓர் அறை கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் மெதுவாக மகனின் கையை விட்டாள். கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது எல்லாரும் பீடத்தைப் பார்த்தார்கள், அப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புளுகினேன் என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். அதனால் சேலையை வைத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பின்வாசலில் மரவள்ளிக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறாள். உன் பழக்கம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. உனக்குச் சேரவேண்டிய கிழங்கை நான் அவித்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் பெயர் போடாமல் கடல் தாண்டி ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். லாபிஸ் பக்கம் எத்தனை ரப்பர்த் தோட்டம், அப்பாவைப் போலக் கணக்கெழுதும் கிராணிகளின் வீடு எத்தனை! எந்த வீட்டுப் பெண் என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அப்பா என்னோடு பேசுவதில்லை அம்மா. கிராணியார் மகள் தாயின் கூறையை விற்றுத் தின்றாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நேற்றுச் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கம்மா இருந்து இதப் பாத்திருந்தா, அப்பவே உசுர விட்டிருப்பா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவரிடம் சொன்னால் அத்தைக்குப் போகும். அத்தைக்குப் போனால் ஊருக்கே போகும். நீ அவரிடமும் சொல்லாமல்தானே போனாய்?

நானும் சொல்ல மாட்டேன் அம்மா, இது சத்தியம். நாளைக்கும் சோறு போடுவேன், அவர் பேசாமலே சாப்பிடட்டும். என் கல்யாணத்துக்கு ஒரு நூல் சேலை போதும். கூறை எங்கே என்று யார் கேட்டாலும் விற்றுவிட்டேன் என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
பெற்றவளின் கூறையை விற்றவள் என்று பெயரெடுத்த
உன் மூத்த மகள்