சுமுகமாகத் தீர்ந்த பிரச்சினை

பக்கத்து வீட்டுப் பெண் சென்னையில் சர்வதேச உறவுகள் படிக்கிறாள். மூன்று வருடப் பட்டப்படிப்பே அதுதானாம். நாம் படித்தபோது அது அரசியல் அறிவியலில் கடைசி வருடம் வந்த ஒரு தாள். விடுமுறைக்கு வந்தவள் பாடப்புத்தகத்தை என் வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். புதுத்தாளின் பசை வாசனை போகாத புத்தகம். நேற்று அதைப் புரட்டியபோது, தேயிலைத் தோட்டத் தமிழர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட அந்த ஒப்பந்தத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது கண்ணில் பட்டது. 'இதன் மூலம் பிரச்சினை பெருமளவு சுமுகமாகத் தீர்க்கப்பட்டது' என்று முடித்திருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதே வரி. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்லி நான் கோபப்படுவேன்?

எழுபதுகளின் பிற்பகுதியில் நாம் கல்லூரியில் சேர்ந்தபோது வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தோம். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "கீழ்பென்னாத்தூர் பக்கம்" என்று சொல்லிவிட்டு, சற்று யோசித்து, "பொறந்தது சிலோன்ல" என்றாய். அன்றிலிருந்து பையன்களுக்கு உன் பெயரே சிலோன் ஆகிவிட்டது. உன் கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். உன் அப்பா 'தாயகம் திரும்பியோர்' என்ற பட்டத்தோடு கப்பலேறி வந்து சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். நிலத்தில் பங்கு கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவர்கள் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். மலைச்சரிவில் கொழுந்துக் கூடைகளை நிறுத்துப் பார்த்த மனிதர், இங்கே மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கினார்.

கடைசி வருடம் அந்தத் தாள் வந்ததும் உனக்கு வந்த உற்சாகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அணிசேராக் கொள்கை, பாதுகாப்புச் சபை என்று எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தாய். பாடத்திட்டத்தில் இலங்கை என்று பார்த்துவிட்டு, "எங்க கதையும் வருதுடி" என்றாய். ஏதோ கல்யாணத் தேதி குறித்தது போல அந்தப் பாடத்துக்குக் காத்திருந்தாய்.

வந்தது. விரிவுரையாளர் குறிப்பு சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். இத்தனை லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது, இத்தனை லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர இசைந்தது, பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது, இரு நாட்டு நல்லுறவுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அவ்வளவுதான். அடுத்த பாடம் நேபாளம் என்றார். நீ பேனாவை வைத்துவிட்டு எழுந்தாய்.

"சார், எங்க அக்காவுக்குக் கல்யாணமாகி அவ புருஷன் வீட்டோட அங்கயே நின்னுட்டா. எங்களை இங்க அனுப்பிட்டாங்க. எங்க அம்மா தெனம் அழுவுறாங்க. இதுல எது சார் தீர்ந்துச்சு?"

அவர் கோபப்படக்கூட இல்லை. இது பாடம்மா, வீட்டுக் கதையெல்லாம் இங்கே வேண்டாம், உட்காரு என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். மதியம் நான் உன்னை இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போய், அவள் கேட்டதில் என்ன சார் தப்பு என்று கேட்டேன். ரெண்டு பேரும் பாஸ் பண்ற வழியைப் பாருங்க என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். லட்சக்கணக்கான மனிதர்களைச் சரக்கு மாதிரிப் பங்கு போட்டதைப் பாடமாக நடத்துவாராம், அந்தச் சரக்கில் ஒன்று எழுந்து நின்று பேசினால் அது வீட்டுக் கதையாம்!

பல்கலைக்கழகத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. நீ உன் அக்காவை எழுதினாய். தோட்டத்தையும், கப்பலையும், வாசலில் நிறுத்திப் பேசிய சொந்தக்காரர்களையும் எழுதினாய். எல்லாத் தாளிலும் தேறிய நீ அந்த ஒரு தாளில் மட்டும் தோற்றாய். நம் வகுப்பிலேயே வெளிநாட்டு விவகாரம் என்றால் என்னவென்று உடம்பால் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

அக்டோபரில் மறுபடி எழுதப் போனாய். துணைக்கு வந்து மரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"தீந்துடுச்சுன்னு எழுதிட்டேன்டி."

பாஸ் செய்துவிட்டாய். மேலே படிக்க உன்னைக் கெஞ்சிப் பார்த்தேன். மாட்டேன் என்றாய். கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாய்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு உன் அக்கா புருஷனோடும் குழந்தையோடும் படகேறி வந்தாள். நம் பக்கத்து முகாம் ஒன்றிலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நீ குடிமகள், அவள் அகதி. நீ பஸ் பிடித்துப் போய் அவளைப் பார்க்கலாம். அவள் அனுமதி வாங்கித்தான் முகாமை விட்டு வர வேண்டும், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். உன் அம்மா செத்த அன்று அனுமதி தரவேண்டிய அதிகாரி எங்கோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அக்கா அந்த அலுவலக வாசலிலேயே நின்றாள். குழியை மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். ஈர மண்ணில் உட்கார்ந்து அவள் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபடி நின்ற நீ, என் காதருகில், "அந்தக் குறிப்பு சொன்ன ஆளை இட்டாந்து காட்டணும்" என்றாய். உன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவளுக்குக் குடியுரிமை கேட்டு மனுவோடு வருடக்கணக்காக அலைந்தாய். கடைசியில் உன் உடம்பு ஒத்துழைக்கவில்லை. உன் அக்கா இன்னும் அகதிதான். முகாமில் பிறந்த பேரப்பிள்ளைகளும் அகதிகள்தான். கடல் எந்தப் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இப்போது அவளை நான்தான் வேங்கிக்காலுக்குக் கூட்டிப் போகிறேன். கலெக்டர் ஆபீஸ் படியேற அவளுக்கு மூட்டு ஒத்துழைப்பதில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். நாளைக்கு வா, மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நான் சத்தம் போடுவேன். ஓய்வு பெற்ற டீச்சர் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் புதிதாக வந்திருந்த ஒரு சின்ன வயது அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இந்த ஊர்க்காரங்க, அவங்க சிலோன். அவங்க உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்று கேட்டார்.

"அக்கா" என்றேன்.