பாதிப் படியில் ஒரு சன்னல்

அன்புள்ளவளுக்கு,

நானும் மகளும் நலம். இப்படித்தானே தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போன் வரும்போதெல்லாம் உன் மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனோம் அல்லவா. எங்கே போகலாம் என்று டீச்சர் கேட்டதற்கு, நடக்க முடியாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, இருப்பதிலேயே உயரமான இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது, படிதான் என்றாராம் டீச்சர். "அதுக்கென்ன, அப்பா தூக்குவாரு" என்று முதலில் சொன்னது உன் மகள்தான். அந்த வாய் உன் பிறந்த வீட்டுச் சொத்து.

பிள்ளைகளை முதுகோடு சேர்த்துக் கட்ட கேன்வாஸ் பட்டை வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். கடையில் கிடந்த ரவிக்கைகளை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். நம் பிள்ளைக்கு மட்டும் தைக்கவில்லை. உப்பு மூட்டை ஏறினால் அவள் பிடி உடும்புப்பிடி என்று உனக்கே தெரியும். கால் நடக்காவிட்டால் என்ன, கை இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். அன்றைக்கு டீச்சரிடமும் அதையே சொன்னேன்.

உள்ளே படிகள் வளைந்து வளைந்து போகின்றன. நாளெல்லாம் மிஷினே கதி என்று கிடப்பவனுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது. "தொப்பையக் கீழ வச்சுட்டு வந்திருக்கலாம்லப்பா" என்று காதுக்குள் கேலி செய்துகொண்டே வந்தாள். பாதி தூரத்தில் பேச்சு நின்றது. என் முதுகு சட்டென்று லேசானது. நான் திரும்புவதற்குள், பின்னால் வந்த வேன் டிரைவர் அவளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடி எதுவும் படவில்லை. ஏன் கையை விட்டாய் என்று அதட்டினேன். பயத்தில் வந்த கோபம். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு, "பிடிச்சுட்டுதாம்பா இருந்தேன். எப்ப நழுவுச்சுன்னு தெரியல" என்றாள்.

அந்த இடத்தில் சுவரில் ஒரு சின்ன சன்னல் இருந்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் தான் தூக்கி வருவதாகச் சொன்னார், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மேலேயிருந்து மற்றப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. சன்னலில் தெரிந்த கடல் ஒரு தலையணை உறை அளவுதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். "அம்மாகிட்ட மேல வரைக்கும் போனோம்னு சொல்லிடுங்கப்பா" என்றாள். போனில் நான் அளந்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

மறுநாளே டாக்டரிடம் காட்டினேன். காலில் தொடங்கியது கைக்கும் வந்துவிட்டது, இது எதிர்பார்த்ததுதான் என்றார். அவர் எதிர்பார்த்திருக்கலாம், நான் எதிர்பார்க்கவில்லை. கையில் பலம் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாதிரி என்றார். சாப்பிடும்போது இப்போதெல்லாம் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்கிறாள். மகாராணி தோரணை பார் என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன், பாவி.

நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் வீட்டில் உன்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். சரி என்று சொல்லிவிடாதே. வீட்டுக்கு மேல்தளம் எழும்பாவிட்டால் போகட்டும், கிளம்பி வா. வாசலில் அவளைப் பார்த்ததும் அவசரப்பட்டு வாரி எடுத்துவிடாதே. முன்னால் குனிந்து கொஞ்சம் பொறுத்திரு. நேரமானாலும் அவளே கையைத் தூக்கி உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும். இன்று காலை வரை அவளால் முடிகிறது.

நீ வரும் நாளையே நினைத்திருக்கும்,
உன் மகளின் அப்பா