சோப்புத் தாளில் சுற்றிய சாக்லேட்

என் வீட்டு நீதிபதி அம்மாளுக்குக் குற்றவாளியின் வணக்கம். நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா?

நீ சொன்னபடியே குடைக்கடைக்குப் பின் சோப்புக்கடையையும் ஊற்றி மூடிவிட்டேன். இப்போது சாக்லேட். தலையில் அடித்துக்கொள்ளாதே, கேள். மீந்துபோன சோப்புத் தாள்களை வீணாக்க மனமில்லாமல் சாக்லேட்டை அதில் சுற்றி வைத்தேன். பழைய வாடிக்கையாளரான நர்ஸம்மா, பழக்கதோஷத்தில் ஒன்றை வாங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் புயலாக வந்தார்.

“என்னங்க சோப்பு இது? தேய்க்கத் தேய்க்கக் கை கறுப்பாகுது!”

“அம்மா, அது சாக்லேட்டுங்க.”

ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க டாக்டரும் இதுல கை கழுவணும். ஆஸ்பத்திரிக்கே நூறு சாக்லேட் போடுங்க!”

இப்போது தெருவே கேட்கிறது. சுற்றி மாளவில்லை, சுற்றிக்கொண்டே பேசவும் ஆளில்லை.

உன் புகைப்படம் இரண்டும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றும் அனுப்பு. லைசென்ஸ் படிவத்தில் ‘பங்குதாரர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முந்தின இரண்டு கடைக்கும் அதில் கோடு போட்டேன். இந்த முறை கை வரவில்லை.

அடுப்பில் சாக்லேட் அடிப்பிடிக்கிறது, ஓடுகிறேன். சீக்கிரம் கையெழுத்துப் போடு, நீதிபதி அம்மா.