எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாத பாலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது எப்போதும் தனிக்கட்சி. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்களா. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையைச் சீர்செய்யச் சொல்லி வழியிலுள்ள ஐந்து ஊர்களும் சேர்ந்து குழு அமைத்திருக்கிறோம். இத்தனை வருடமும் ஊர் ஊராகத் தனித்தனியே மனு கொண்டுபோனோம், முதலில் உங்களுக்குள் பேசி ஒரே திட்டமாகக் கொண்டுவாருங்கள் என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். நம் ஊருக்கு என்னைப் போட்டார்கள், தையல் கடையில் உட்கார்ந்தே ஊர் வம்பெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறேனாம். கடைத்தெருவை அகலப்படுத்துவதுதான் முதல் வேலை என்று பேசி முடித்துவிட்டு வா என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்தில் ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் இருக்கிற சாலையை மட்டும் வரைந்து கொண்டுவந்திருந்தது. தாள்களை மேசையில் சேர்த்து வைத்தால் நமக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்தக் குறுகிய பாலமும் வளைவும் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் வரைவார்கள் என்று நாங்கள், நாங்கள் வரைவோம் என்று அவர்கள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தம்பி விடியும் முன்னே பால் வண்டியோடு தினமும் கடக்கிற பாலம் அது. பக்கச்சுவர் போன மழையிலேயே இடிந்து ஆற்றில் விழுந்துவிட்டது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை.

கடைத்தெருவைக் கேட்க எழுந்தவள் பாலத்தைக் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்து ஊருக்காக வந்திருந்த பேக்கரிக்காரர், "உங்க பையன் போற வழின்னு கேக்குறீங்களாக்கா" என்றார். "ஆமா, அதுக்குத்தான் கேக்குறேன், உங்க வீட்டுப் பிள்ளைங்க மட்டும் பறந்தா போகுதுங்க" என்றேன். அவர் தன் ஊருக்குக் கேட்க வந்த சுற்றுச்சாலை பின்னால் வரட்டும் என்று சொல்லி முதல் கையைத் தூக்கினார். மற்ற ஊர்களும் இழுபறிக்குப் பிறகு வழிக்கு வந்தன. இங்கே திரும்பினால் கடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிச் சரக்கு மூட்டையோடு பேச ஆரம்பித்துவிடுவார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து ஊரும் ஒரே திட்டத்தோடு போனபோது அதிகாரி இந்த முறை உட்காரச் சொன்னார். நேற்று பாலத்தில் அளவெடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு டீ வாங்கிக்கொண்டு போனது யார் என்கிறாய், அதே மளிகைக்கடைக்காரர்தான். தன் சரக்கு லாரியும் அந்த வழியாகத்தான் வருகிறது என்பது இப்போதுதான் உறைத்திருக்கிறது. அளவெடுத்தால் கட்டியாகிவிட்டதா என்று அப்பா கேலி செய்கிறார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். ஒன்று மறக்காதே, பாலம் சரியாகும்வரை அந்த வளைவில் மெதுவாகப் போகச் சொல்லி உன் தம்பிக்கு நீ ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் குழுத் தலைவி பேசுகிறாள் என்று சிரிக்கிறான். அவன் வண்டி திரும்பி வந்து வாசலில் நிற்கும்வரை நான் காப்பிகூடக் குடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா